டீசல் பொறிப் புகை

பழுதுபார்க்கப்பட்ட டீசல் சுமையுந்தின் புகைநிறம், பொறியினுள் எரிதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காட்டும் அறிகுறி ஆகும்.

எரிபொருளுக்கேற்ற காற்று கிடைக்காதபோது கரும்புகை உண்டாகிறது. காற்று வடிகட்டி அடைப்பு, நாசில் ஒழுகல் ஆகியவை காரணங்கள். டர்போ குழாயில் இறுக்க மறந்த ஒரு கிளாம்ப்பே போதும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 சுமையுந்துகளில் துகள் வடிகட்டி இப்புகையைப் பிடித்துக்கொள்வதால் நிறத்தை மட்டும் நம்ப இயலாது.

நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் குறிக்கும். புதிய பிஸ்டன் வளையங்கள் உருளைச் சுவரோடு படியும்வரை சிறிதளவு வருவது இயல்பே. அவை படியச் சுமையோடு ஓட்டவேண்டும். நெடுநேரம் நின்றபடி ஓடவிட்டால் சுவர் வழவழப்பாகி, ஆயில் எரிவது நிலைத்துவிடும்.

வெண்புகையே அதிகக் கவனத்திற்குரியது. டீசல் நெடியுடன் கண் எரிந்தால் அது எரியாத எரிபொருள்; பம்ப் டைமிங் பிந்தியிருக்கலாம், அல்லது உருளையில் அழுத்தம் குறைந்திருக்கலாம். பொறி சூடான பின்னரும் வெண்புகை தொடர்ந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துவந்தால் ஹெட் கேஸ்கெட் கசிவை ஐயுறவேண்டும். அந்நிலையில் இரவு முழுதும் நின்ற வண்டியைக் கிளப்புவது ஆபத்தானது: உருளையில் தேங்கிய நீர் அமுங்காது, இணைப்புத் தண்டு வளைந்துவிடக்கூடும்.