சர்க்கரை பதனிடும் இதயம்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் டிரம் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உப்புத் தோல் ஊறி, சுண்ணாம்பில் முடி கழன்று, குரோமியக் கரைசலில் உருண்டு, இளநீலமாக ‘வெட் புளூ’ வந்து விழும். இனி அது அழுகாது. தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளுக்கிடையே குரோமியம் குறுக்குப் பாலங்கள் கட்டிவிட்டது.

அதே கொலாஜன் நம் இதயத் தசைக்குள்ளும் வலையாக ஓடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் மிகுந்திருந்தால், குளுக்கோஸ் அந்த இழைகளில் ஒட்டி, மெல்ல மெல்லப் பாலம் போடுகிறது. இதயம் விறைக்கிறது. குரோம் தோல் மெத்தென்றுதானே இருக்கிறது என்று தொழில் தெரிந்தவர் கேட்பார். எண்ணெய் ஊட்டி, இழுத்துப் பதப்படுத்தித்தான் அந்த மென்மை வருகிறது. இதயத்துக்கு அதைச் செய்ய ஆளில்லை.

விறைத்த இதயம் சுருங்குவதில் தோற்பதில்லை, விரிவதில் தோற்கிறது. ரத்தம் சரியாக நிரம்பாமல், அழுத்தம் பின்னோக்கி நுரையீரல் வரை ஏறுகிறது. எக்கோ ஸ்கேனில் “பம்பிங் நல்லா இருக்கு” என்று வந்திருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

ரத்தக் கொதிப்பு வேறு வழியாக அதே இடத்துக்கு வருகிறது. 120 என்ற அளவு, ரத்தத்தைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரம் தூக்கும் அழுத்தம். 180 என்றால் இரண்டேகால் மீட்டருக்கும் மேல். அதை எதிர்த்து நாளுக்கு ஏறக்குறைய லட்சம் முறை துடிக்கும் இடது கீழறை, பளு தூக்குபவரின் புஜம்போல் தடிக்கிறது. தடித்த சுவருக்குப் போதுமான ரத்தக்குழாய்கள் கூடவே வளர்வதில்லை. இரண்டு நோயும் சேர்ந்தவருக்குச் சுவர் தடிப்பு, விறைப்பு இரண்டும்.

அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வு 1974இல் சொன்னது: நீரிழிவுள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரு மடங்கு, பெண்களுக்கு ஐந்து மடங்கு. இந்தத் தோல் ஊர்களின் ஷூ கம்பெனி பஸ்களில் விடியற்காலையில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இந்தக் கணக்கு இங்கே கூடுதலாக உறுத்துகிறது. வேலூர் நகரிலும் கணியம்பாடி ஒன்றியத்திலும் 1991–94இலும் 2010–12இலும் நடந்த கணக்கெடுப்புகளுக்கிடையே நீரிழிவு வெகுவாகக் கூடியிருந்தது.

நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஆனால் சர்க்கரை நரம்புகளையும் மழுக்கிவிடுவதால், மாரடைப்பே சிலருக்கு வெறும் வியர்வையாகவும் அசதியாகவும் வந்துபோகிறது.

நீரிழிவைக் கண்டுபிடிக்க உதவுவதும், புரதத்தில் சர்க்கரை ஒட்டும் அதே ரசாயனம்தான். சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினிலும் சர்க்கரை ஒட்டும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், ஒட்டியதை அளந்தால் மூன்று மாதக் கணக்கு வந்துவிடும், 6.5 சதவீதத்தை எட்டினால் நீரிழிவு என்று பொருள். இந்த ஹெச்பிஏ1சி சோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டாம். ஷிப்ட் முடிந்து, சாப்பிட்டுவிட்டே ரத்தம் கொடுக்கலாம்.