வாசல் கேமராவுக்கு எந்த ஸ்க்ரூ?

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு வாசலுக்கு ஒரு கேமரா, மாடிக்கு ஒரு வை-பை ஆன்டெனா என்று மாட்டுபவர்கள் அதிகரித்துவிட்டார்கள். மெகாபிக்ஸலை ஆராய்ந்து கேமரா வாங்குகிறோம். அதைச் சுவரில் தாங்கப்போகும் நான்கு ஸ்க்ரூக்களை யாரும் பார்ப்பதில்லை. கடலோர ஊர் என்றால் கேமரா கெடும் முன்பே ஸ்க்ரூ துருப்பிடித்து, சுவரில் பழுப்புக் கோடு இறங்கி, ஒரு நாள் கேமரா தலைகீழாகத் தொங்கும்.

முதலில் ஒரு விஷயம். கேபினட்டுக்கு உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தேவையில்லை. அங்கே வழக்கமான ஜிங்க் பூசிய ஸ்க்ரூவே போதும். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ காந்த முனை ஸ்க்ரூடிரைவரில் சரியாக ஒட்டாது. கை நழுவினால் மதர்போர்டு மேல்தான் விழும்.

வெளியே மாட்டுவதற்குத்தான் ரகம் பார்க்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உள்ள குரோமியம் காற்றுப் பட்டதும் மெல்லிய படலமாகி இரும்பைக் காக்கிறது. 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. நம் எவர்சில்வர் பாத்திரங்களில் 18/8 என்று போடுகிறார்களே, அதுதான். 316 ரகத்தில் இதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் பொட்டுப் பொட்டாகத் துளைப்பதை இது வெகுவாகத் தடுக்கும். பெரிய போல்ட்டுகளின் தலையில் ஏ2 என்றிருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. ஏ2-70 என்பதில் 70 பலத்தைக் குறிக்கும் எண். துருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடையில் வெறுமனே "எஸ்.எஸ். ஸ்க்ரூ" என்று கேட்டால் 202 ரகம் கைக்கு வரலாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு ரகம் அது. வெளியில் சீக்கிரம் பழுப்பேறும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியுமே என்பார்கள். தெரியாது! 202, 304 இரண்டிலுமே காந்தம் அவ்வளவாக ஒட்டாது. பளிச்சென்று ஒட்டினால் அது பூச்சு போட்ட இரும்பாகவோ 410 ரகமாகவோ இருக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும். எனவே ரகம் அச்சிட்ட பாக்கெட்டாகக் கேட்டு வாங்கி, பில்லிலும் 304 அல்லது 316 என்று எழுதச் சொல்லுங்கள்.

மதுரை, சேலம் போன்ற உள்நாட்டு ஊர்களில் 304 தாராளமாகப் போதும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், சென்னையில் கடலை ஒட்டிய தெருக்கள் என்றால் 316 வாங்குங்கள். விலை கூடுதல்தான்; ஆனால் நான்கு ஸ்க்ரூவுக்கு என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்? சன்ஷேடுக்கு அடியில் மாட்டினால் மழை படாது, துருப்பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். மழை படாத இடத்தில்தான் படிந்த உப்பு கழுவப்படாமல் தங்கி அரிக்கிறது. அவ்வப்போது நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஸ்க்ரூத் தலைகளைத் துடைத்துவிடுங்கள்.

ஆன்டெனா கிளாம்ப்பில் ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் போடுகிறவர்கள் மரையில் துளி கிரீஸ் தடவி, ஸ்பேனரால் நிதானமாக முடுக்குங்கள். டிரில் மெஷினில் வேகமாக முடுக்கினால் மரை ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.