வாய்க் கிருமிகள் குடலில் குடியேறினால்...?

ஏற்காடு மலையில் இருக்கிறது நாகலூர். சுற்றிலும் காபித் தோட்டங்கள். இந்தச் சேர்வராயன் மலையில் பெய்யும் மழை, ஓடைகளாகக் கீழே இறங்குகிறது. திருமணிமுத்தாறு பிறப்பதும் இந்த மலையில்தான். அது சேலத்தைக் கடந்து காவிரியில் கலக்கிறது. மலையில் தண்ணீர் கெட்டால், கீழே இருக்கும் ஊர்களுக்கும் கேடுதான்.

மனித உடம்பும் அப்படித்தான். வாய், மலை. குடல், கீழே உள்ள ஊர். இரண்டையும் இணைக்கும் ஓடை, உமிழ்நீர்!

ஒருவர் வாயில் ஒரு நாளைக்கு 1 லிட்டர் முதல் 1½ லிட்டர் வரை உமிழ்நீர் ஊறுகிறது. அதை நாம் விழுங்கிவிடுகிறோம். அதோடு கோடிக்கணக்கான கிருமிகளும் வயிற்றுக்குள் போகின்றன.

துள்ளி ஓடிய உயிர்கள்

வாய்க் கிருமிகளை முதலில் கண்டவர் ஹாலந்து நாட்டு ஜவுளி வியாபாரி லீவன்ஹூக். 1683-ம் ஆண்டு அவர் தன் பல்லில் இருந்த அழுக்கைச் சுரண்டி எடுத்தார். தானே செய்த பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்தார். சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளி ஓடின! அதிசயித்த அவர், லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்.

மனிதர்களின் வாயில் 700 வகைக் கிருமிகள் வரை காணப்படுகின்றன. எல்லாமே கெட்டவை அல்ல.

இரண்டு காவல்கள்

இத்தனை கிருமிகளை விழுங்கியும் நமக்குத் தினமும் நோய் வருவதில்லையே, ஏன்?

இரைப்பையில் சுரக்கும் அமிலம் முதல் காவல். பெரும்பாலான கிருமிகள் அதில் மடிகின்றன. தப்பிப் பிழைத்தவற்றைக் குடலில் ஏற்கனவே வாழும் நல்ல கிருமிகள் எளிதில் தங்க விடுவதில்லை. இது இரண்டாவது காவல்.

காவல் தளர்ந்தால்தான் ஆபத்து! கல்லீரல் சுருங்கிய நோயாளிகளின் குடலில் வாய்க் கிருமிகள் ஏராளமாக இருந்ததைச் சீன விஞ்ஞானிகள் 2014-ல் கண்டார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் குடலிலும் வாய்க் கிருமிகள் அதிகம் என்று 2016-ல் ஹாலந்து ஆராய்ச்சி சொன்னது.

பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் 'பியூசோபாக்டீரியம்' என்ற வாய்க் கிருமி இருப்பதை அமெரிக்க, கனடா விஞ்ஞானிகள் 2012-ல் அறிவித்தார்கள். ஈறு நோயில் காணப்படும் கிருமி இது. நோயைக் கொண்டு வந்தது கிருமியா, நோய் கண்ட இடத்தில் கிருமி வந்து தங்கியதா? ஆராய்ச்சி நடந்து வருகிறது.

என்ன செய்யலாம்?

காலையில் பல் துலக்குகிறோம். இரவிலும் துலக்க வேண்டும். குழந்தைகளுக்கும் இதைப் பழக்க வேண்டும். புகையிலையை விட்டுவிட வேண்டும். ஈறில் ரத்தம் வந்தால், "தானாகச் சரியாகிவிடும்" என்று இருந்துவிடாமல் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் அமில மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கக்கூடாது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது.

இரவில் படுக்கப் போகும் முன் பல் துலக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தில் பல் மட்டுமா சுத்தமாகிறது? வயிற்றுக்குப் போகும் ஓடையும் சுத்தமாகிறது!