ஊசி போட்டவர்கள் பேச வேண்டிய இடம்

2014 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் பூங்காவில் பரவத் தொடங்கிய தட்டம்மை, சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தொற்றியது. தடுப்பூசிக்கு அங்கே தட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆனால் ‘இது என் நம்பிக்கைக்கு ஒவ்வாதது’ என்று பெற்றோர் படிவம் கொடுத்தால், ஊசி போடாத பிள்ளையையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று அன்றைய சட்டம் இடம் தந்திருந்தது. தட்டம்மை பரவாமல் தடுக்க 100 பேரில் 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும். நம்பிக்கை விலக்கு என்ற அந்த ஓட்டையை அடைக்க, குழந்தை நல மருத்துவரும் செனட் உறுப்பினருமான ரிச்சர்ட் பான், பென் ஆலனுடன் சேர்ந்து 2015-இல் எஸ்.பி. 277 என்ற மசோதாவைக் கொண்டுவந்தார்.

மருத்துவச் சான்றுகளுக்குக் குறைவில்லை; ஆனால் சான்று மட்டும் சட்டமாகிவிடாது. அந்த மாநிலத்தில் மசோதாவை விசாரிக்கும் குழுவின் முன் பொதுமக்கள் வரிசையில் நின்று, மைக்கில் பெயரையும் ஊரையும் சொல்லி, ஆதரவா எதிர்ப்பா என்று பதிவு செய்யலாம். எதிர்ப்பாளர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்காக ஊசி போட்ட லட்சக்கணக்கான பெற்றோர் வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டிருந்தால், உறுப்பினர்களின் காதில் ஒரு பக்கக் குரல்தான் விழுந்திருக்கும். ‘வேக்சினேட் கலிஃபோர்னியா’ என்ற பெற்றோர் குழு அதை மாற்றியது. ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டுவந்த முதல் வகுப்புச் சிறுவன் ஒருவனும் பேசினான். கீமோதெரபி எதிர்ப்புச் சக்தியைக் கரைத்துவிடும்; அந்த நிலையில் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தட்டம்மை ஊசியைப் போடவும் முடியாது. கூடப் படிக்கும் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான் அவனுக்குக் காப்பு. ஓர் உறுப்பினருக்கு அவருடைய தொகுதிக்காரர் ஒருவர் இப்படி ஒரு நிலையைச் சொந்த வார்த்தைகளில் எழுதி அனுப்பும் கடிதத்துக்கு, அச்சடித்த நூறு கடிதங்களைவிட வலு அதிகம் என்பதே என் எண்ணம்.

உடல் என்னுடையது, அரசு எப்படிக் கட்டாயப்படுத்தலாம் என்பது நியாயமான கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905-இலேயே, ஜேக்கப்சன் வழக்கில், பெரியம்மை ஊசியை மறுத்தவருக்கு விதித்த 5 டாலர் அபராதம் செல்லும் என்றது. எஸ்.பி. 277-உம் யாரையும் பிடித்து ஊசி போடச் சொல்லவில்லை. கல்வி உரிமை பறிபோகும் என்ற ஆட்சேபம் குழுவில் எழுந்தபோது, வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு விலக்கு கொடுத்துத் திருத்தினார்கள். ஆதரவாளர்கள் அந்தத் திருத்தத்தை ஏற்றது சரியான முடிவு. பிடிவாதம் பிடித்திருந்தால் மசோதா குழுவிலேயே நின்றுபோயிருக்கக்கூடும். 2015 ஜூன் 30 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார்.

கட்டாயம் அவநம்பிக்கையைத்தான் வளர்க்கும் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. சட்டம் நடைமுறைக்கு வந்ததும், மழலையர் வகுப்பில் எல்லா ஊசியும் போட்டவர்கள் ஒரே ஆண்டில் 92.8 சதவீதத்திலிருந்து 95.6 ஆனார்கள்; ஊசிகளை முடிக்காத பிள்ளைகளைத் தற்காலிகமாகச் சேர்ப்பதில் பள்ளிகள் காட்டிய கண்டிப்புக்கும் இதில் பங்குண்டு. ஆனால் மருத்துவக் காரணம் காட்டி விலக்கு பெறுவோர் 0.2 சதவீதத்திலிருந்து 0.7 ஆகப் பெருகினார்கள். பழைய ஓட்டை அடைபட்டதும் புதியது திறந்துகொண்டது. ஆகவே சட்டம் வந்த கையோடு கலைந்துபோகாமல், மக்கள் கணக்கைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அங்கே பள்ளிவாரியான தடுப்பூசி விகிதத்தை அரசே வெளியிடுகிறது. தன் பிள்ளையின் பள்ளி 95-க்குக் கீழே இருந்தால் எந்தப் பெற்றோரும் காரணம் கேட்கலாம். ஆண்டுக்கு ஐந்தோ அதற்கு மேலோ விலக்குச் சான்று தரும் மருத்துவர்களையும், 95 சதவீதத்தை எட்டாத பள்ளிகளின் விலக்குகளையும் சுகாதாரத் துறை சரிபார்க்க வழிசெய்யும் எஸ்.பி. 276, அடுத்த போராட்டத்துக்குப் பிறகு 2019-இல் சட்டமானது.