வாக்கு இல்லாதவருக்குக் காணி இல்லை

ஹாலிஎல, பதுளைத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் கமம் செய்த நம்மவர் ஏன் போனார்கள்? 1973, 74 பஞ்சம் என்போம். ஆனால் பஞ்சத்துக்கு முன்பே ஒரு சட்டம் இருந்தது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர், பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா. 1948இல் பிரஜாவுரிமையும் 1949இல் வாக்குரிமையும் பறிபோயின. 1952இல் அக்கட்சியில் ஒருவரும் தெரிவாகவில்லை.

இதன் விலை பின்னரே தெரிந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. காணி கேட்ட கிராமத்தவரிடம் வாக்கு இருந்தது. (அவர்களும் ஏழைகளே; அவர்களோடு நமக்குப் பகையில்லை.) லயத்திலிருந்தவரிடமோ வாக்கு இல்லை. அரசியல்வாதி யாருக்குக் கொடுப்பார்? பல தோட்டங்களில் முதலில் வேலை போனது, பிறகு லயமும் போனது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்தபோது, சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிரஜாவுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. இப்போது எல்லாக் கட்சிகளும் லயத்துக்கு வந்து வாக்குக் கேட்கின்றன. ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்தவர்களிலும் பலர் கையில் உறுதி இன்னும் இல்லை.