மரத்துக்கும் ஒரு பாவாடை!

பெண்களுக்குப் பாவாடை தைப்பார்கள். பொம்மைகளுக்குக் கூடத் தைப்பார்கள். மரத்துக்குத் தைப்பதுண்டா? உண்டு! டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் கடைக்குக் கடை இவை விற்பனைக்கு வந்துவிடும். அங்கே இதற்குப் பெயரே மரப் பாவாடைதான். கிறிஸ்துமஸ் மரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புக் காலையும் தண்ணீர்த் தொட்டியையும் மறைத்து, அடியில் வட்டமாக விரிக்கும் துணி அது. பரிசுப் பொட்டலங்களை அடுக்குவதும் அதன் மேல்தான்.

வெறும் அலங்காரந்தானே, எதை வாங்கினால் என்ன என்று தோன்றலாம். ஆனால் சமர்த்தான இல்லத்தரசிகள் அழகுக்கு முன்னால் வேறொன்றைப் பார்க்கிறார்கள்.

மெழுகு சொட்டிய காலம்

மரத்தை அலங்கரிக்கும் வழக்கம் ஜெர்மனியிலிருந்து பரவியது. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசரும் ஜெர்மானியர். அரச குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-இல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. 1850-இல் ஓர் அமெரிக்க மாதர் பத்திரிகை, ராணியின் கிரீடத்தையும் இளவரசரின் மீசையையும் நீக்கிவிட்டு, அதே படத்தை அமெரிக்கக் குடும்பம் போல வெளியிட்டது!

படத்தில் மரம் மேஜைமேல் நிற்கிறது. கிளைகளில் மெழுகுவத்திகள் எரிகின்றன. மெழுகு சொட்டும், ஊசி இலைகள் உதிரும். அடியில் துணி விரித்தால் மேஜை கெடாது. பிற்பாடு பெரிய மரங்கள் தரையில் நிற்கத் தொடங்கியதும், கம்பளத்தைக் காக்கும் வேலை துணிக்கு வந்தது. 1882-இல் எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சன், நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் 80 மின்விளக்குகளை எரியவிட்டார். நாளடைவில் மெழுகுவத்தி மறைந்தது. துணி மட்டும் போகவில்லை. அழகுப் பொருளாக நிலைத்துவிட்டது.

பஞ்சுப் பனி

வெண்பனி போலத் தோன்ற மரத்தடியில் பஞ்சு பரப்புவதும் உண்டு. பார்வைக்கு அழகுதான். ஆனால் ஒரு பொறி போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். இதற்குப் பயந்து, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு, தீப்பிடிக்காத கல்நாரையே 'பனி' என்று பெட்டிகளில் விற்றார்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன் என்பது இன்று எல்லோரும் அறிந்ததே.

மரத்தின் தாகம்

வெட்டிய மரத்துக்கும் தாகம் உண்டு. நிறுத்துமுன் அடியில் ஓர் அங்குலம் புதிதாக அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிசின் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறாது. தண்டின் குறுக்களவு ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர் என்பது கணக்கு. 4 அங்குலத் தண்டுக்கு 4 லிட்டர் கொள்ளும் தொட்டி தேவை. நீர் ஏறிய பச்சை மரம் எளிதில் பற்றுவதில்லை. காய்ந்த மரமோ, ஒரு நிமிஷம் ஆவதற்குள் அறையையே தீக்கிரையாக்கிவிடும் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். பாவாடை தொட்டியை மறைத்துவிடுகிறது. கண்ணில் படாதது கருத்திலும் படுவதில்லை. ஆகவே எளிதில் தூக்கிப் பார்க்கக் கூடியதே நல்ல பாவாடை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வெல்வெட் பகட்டாக இருக்கும். உதிர்ந்த ஊசி இலைகளை மட்டும் விடாது பிடித்துக்கொள்ளும். சாக்குத் துணி மலிவு. ஆனால் சுலபமாகப் பற்றும். கனத்த கம்பளித் துணி சிலாக்கியமானது. அது லேசில் தீப்பிடிக்காது. பிடித்தாலும் கருகி அணைந்துவிடும். சிந்தும் நீர் தரையில் ஊறாதிருக்க, தொட்டியின் அடியில் ஒரு தட்டு வைப்பது நல்லது.

6 அடி மரத்துக்கு 4 அடி அகலம் போதும். வீட்டிலேயே தைத்துவிடலாம். 4 அடிச் சதுரத் துணியை நான்காக மடியுங்கள். மடிப்பு முனையில் நூலைப் பிடித்து, 24 அங்குலத்தில் சாக்கட்டியால் ஒரு வளைவும், தண்டுக்காக 3 அங்குலத்தில் ஒரு வளைவும் போட்டு வெட்டுங்கள். பிரித்தால் வட்டம். ஓரத்திலிருந்து நடுத் துளைவரை ஒரே ஒரு கோடு வெட்டி, மூன்று இடங்களில் நாடா தைத்துவிட்டால் முடிந்தது வேலை. பிளவு சுவர்ப் பக்கம் இருக்கட்டும்; விளக்குக் கம்பியும் அதன் வழியே வெளியேறிவிடும்.

பிரம்பு வளையத்தாலும் தகர வளையத்தாலும் மரத்தடியை மறைப்பவர்கள் உண்டு. பூனை வளர்ப்பவர்களுக்கு அது சௌகரியம். பூனை இழுத்துக் கலைக்க அங்கே துணி இல்லை. குனிந்து தண்ணீர் ஊற்ற மட்டும் இடம் இருக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் சரி, இரவு விளக்கை அணைக்குமுன் ஒருமுறை ஓரத்தைத் தூக்கித் தொட்டியைப் பார்த்துவிட்டுப் படுப்பது உத்தமம்.