றம் பிறேக்கை நாமே சரிபார்ப்போம்

மொறிஸ் மைனர் கார்கள் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியானவை. யாழ்ப்பாணத்தில் 1990களில் எரிபொருள் தடை நிலவியபோது, பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடி மரக்கறி மூட்டைகளையும் நோயாளிகளையும் சுமந்தன. இடப்பெயர்வால் நெடுங்காலம் நின்ற காரை மீண்டும் வீதிக்கு எடுக்கும்போது நாம் எஞ்சினைத்தான் முதலில் பார்க்கிறோம். உயிரைக் காப்பதோ பிறேக்.

மைனரின் நான்கு சில்லுகளிலும் றம் பிறேக்தான். மிதியை அழுத்தினால் பிறேக் ஒயில் சில்லுச் சிலிண்டர்களுக்குத் தள்ளப்படும். அவை பிறேக் சூக்களை விரித்து றம்மின் உட்புறத்தில் அழுத்தும். லைனிங் தேயத் தேய இடைவெளி கூடி, மிதி கீழே இறங்கும்.

இரண்டு, மூன்று தடவை மிதித்தபின் மிதி உயர்ந்தால் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அழுத்திப் பிடிக்க மெல்ல மெல்ல இறங்கினால் ஒயில் கசிகிறது, அல்லது பிரதான சிலிண்டரின் றபர் பழுது. பஞ்சுபோல மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று உண்டு. இவற்றுக்கு இடைவெளியைச் சரிசெய்வது மருந்தல்ல.

செய்யும் முறை: சமதரையில் மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, கைப்பிறேக்கைத் தளர்த்துங்கள். ஜக்கால் உயர்த்தியபின் உறுதியான மரக்குற்றியும் முண்டு கொடுங்கள். சில்லு மூடியைக் கழற்றி, துவாரத்தினூடே திருகாணி தெரியும்வரை சில்லைச் சுழற்றுங்கள். முன்சில்லுக்கு இரண்டு, பின்சில்லுக்கு ஒன்று. சில்லு இறுகும்வரை மணிக்கூட்டு முள்ளின் திசையில் திருகி, ஒருதரம் மிதித்து, மீண்டும் இறுக்கிப் பாருங்கள். பின்னர் ஒரு பல் மட்டும் பின்னுக்குத் திருப்பினால் சில்லு தாராளமாகச் சுழல வேண்டும்.

றம்மைக் கழற்றினால் தூசியை ஊதவேண்டாம். பழைய லைனிங்கில் கல்நார் உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். லைனிங் ஆணித்தலைவரை தேய்ந்திருந்தால், இரு பக்கச் சில்லுகளுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மாத்திரம் மாற்றினால் கார் பக்கவாட்டில் இழுக்கும்.

மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில் எதையும் பிறேக் ஒயிலுக்குப் பதிலாக ஊற்றக்கூடாது. சிலிண்டரின் றபர் ஊதிப்போய் பிறேக் செயலிழக்கும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே, நெடுநாள் நின்ற காரின் ஒயிலை முழுமையாக மாற்றுங்கள். சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகியுள்ளனவா என்றும் பாருங்கள்.

வேலை முடிந்ததும் ஆளில்லாத ஒழுங்கையில் மெதுவாக ஓட்டி, பலதரம் நிறுத்திப் பாருங்கள். மூட்டைகளையும் பிள்ளைகளையும் அதன்பின் ஏற்றலாம்.